எட்டே பாட்டு உள்ள சி.டி.

திண்டுக்கல்
20.2.2025

அண்ணனுக்கு,

நீ போன அன்று காலையில் நான் முதலில் கவனித்தது டிரம்பெட் பெட்டியில் மவுத்பீஸ் வைக்கும் குழி காலியாக இருந்ததைத்தான். கொடியில் உன் சட்டை இல்லை, பை இல்லை, ஷூ இல்லை என்பதையெல்லாம் அம்மா அப்புறம்தான் கண்டுபிடித்தாள். எனக்கு அந்தக் குழிதான் சொன்னது. சிவப்பு வெல்வெட்டு வட்டமாக அமுங்கிக் கிடந்தது.

டிரம்பெட்டை வைத்துவிட்டு அதன் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். யாரும் ஊதக்கூடாது என்றா?

நீ ராணுவ பேண்டில் சேர்ந்துவிட்டாய் என்று முருகேசன் மாமா சொல்லித்தான் தெரியும். சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே, வெயில் அதிகம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அப்பா பெரிய டிரம்மின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார். பைக்கிலிருந்து விழுந்து முன்பல் போனதிலிருந்து அவரால் ஊத முடியாது. நம் பேண்டு செட்டில் முன்னால் நின்று ஊத நீ ஒருவன்தான் இருந்தாய். இது உனக்குத் தெரியாததா?

உன் நம்பரை அப்பா பிளாக் செய்துவிட்டார். வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். புக்கிங் வரும் என்று சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். கீழே தையல் கடை மெஹராஜ் அக்கா, "ஏம் போன்ல பேசு புள்ள, நான் வெளிய போய் நிக்கிறேன்" என்றாள். உன் விலாசத்தையும் அவள்தான் கொடுத்தாள். போனில் நீ "சொல்லு, சொல்லு" என்பாய். அப்போது எனக்கு இருக்கிற வார்த்தையும் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பதிலை அக்காவின் கடைக்கே அனுப்பு.

இன்னொன்று. தாடிக்கொம்பு கல்யாணத்துக்கு வாசிக்கப் போய் நீங்கள் எல்லாரும் ஒரே வேனில் வந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கிய மறுநாள், அப்பா உன் அலமாரியிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து ரோட்டில் எறிந்தார். அவர் டீக்கடைக்குப் போனதும் நான் போய் எடுத்து வந்தேன். அட்டை கிழியவில்லை. சி.டி.யில்தான் கீறல். பல்பசை தேய்த்துத் துடைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று இந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்வதில்லை. நீயாவது சொல்.

சகாயசெல்வி


4.3.2025

ஏ செல்வி,

உன் கடிதத்தை இங்கே என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரன் முதலில் பிரித்துவிட்டான். தமிழ் தெரியாதவன். "காதலியா?" என்றான். தங்கை என்றதும் முகம் சுருங்கிப் போய்விட்டது அவனுக்கு.

இங்கே மலைக்குளிர். விடியும் முன்னே உதடு மரத்துப் போகும், அந்த உதட்டோடு ஊதச் சொல்வார்கள். காதால் கேட்டு ஊதினால் திட்டு. எல்லாம் சுரம் எழுதிய காகிதத்தைப் பார்த்துத்தான். முதல் வாரம் நான் காகிதத்தைப் பார்ப்பது போல நடித்து, பக்கத்து ஆள் ஊதுவதைக் கேட்டு ஊதினேன். வாத்தியார் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நான் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தேன். நாலு சுற்று ஓடவிட்டார்.

தாடிக்கொம்பில் நடந்தது இதுதான். அந்த சி.டி.யை மெஹராஜ் அக்கா வீட்டுக்காரர் வாஜித் மச்சான் கொண்டுவந்தார். நைஜீரியாவில் தோல் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாரே, போன லீவில் வந்தபோது அட்டையில் டிரம்பெட் படம் இருக்கிறது என்று எனக்குக் கொடுத்தார். ஆஃப்ரோபீட் என்பார்களாம் அந்த இசையை. பழைய ஹிட் பாட்டுகளாகப் பொறுக்கிச் சேர்த்த சி.டி. ஒரு மாதம் அதையே கேட்டேன். ஈஸ்வரன் அண்ணனுக்கு அந்த அடியைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் சைடு டிரம்மில் இரண்டே நாளில் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்பில் எடுத்துவிடுவோம் என்று அவரும் நானும் மட்டும் பேசி வைத்திருந்தோம். அப்பாவுக்குத் தெரியாது.

எடுத்தோம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பாட்டு எப்போது வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. ஒருவன், "என்னங்கடா, கேத வீட்டுக்கு வந்த மாதிரி இழுக்குறீங்க? யாரு செத்தது, மாப்பிள்ளையா?" என்றான். தெருவே சிரித்தது. பெண் வீட்டுப் பெரியவர் முகம் கறுத்துப் போனது. கல்யாணத்தில் அந்த வார்த்தை விழலாமா? அப்பா வந்து என் தலையிலிருந்த பேண்டு தொப்பியைக் கழற்றி அதாலேயே முகத்தில் அடித்தார். அப்புறம் தொப்பியை அவரே என் தலையில் நேராக வைத்து, "சினிமாப் பாட்டு ஊது" என்றார். ஊதினேன். எல்லாரும் ஆடினார்கள். அடி வலிக்கவில்லை. தொப்பியை நேராக வைத்தாரே, அதுதான்.

மவுத்பீஸ் பேண்டின் சொத்து இல்லை. நான் வாங்கியது. வேறொன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதும் தெரியும். இருந்தாலும் என் இடத்தில் அவ்வளவு சீக்கிரம் இன்னொருவனை நிறுத்திவிடக்கூடாது என்று இருந்தது. உன்னிடம் மறைப்பதற்கு என்ன.

அந்த சி.டி.யை நீயே வைத்துக்கொள்.

சின்னப்பராஜ்


திண்டுக்கல்
16.3.2025

அண்ணே,

தவக்காலம் என்பதால் நம் ஆட்கள் வீடுகளில் கல்யாணம் இல்லை. பேண்டு ரூம் பூட்டியே கிடக்கிறது. சாவி ஆணியில்தான் தொங்கும். அம்மா பூ மார்க்கெட்டுக்குப் போய், அப்பா டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் உள்ளே போய்விடுகிறேன். சினிமாப் பாட்டுப் பழக வாங்கிய பழைய பிளேயர் இன்னும் ஓடுகிறது. அதில் அந்த சி.டி.யைப் போட்டேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் உன்னை என்று நினைத்தேன். எட்டே பாட்டு. பஸ் ஸ்டாண்டில் வாங்கினால் ஒரு சி.டி.யில் நூற்றைம்பது பாட்டு இருக்கும். போட்டால், முதலில் ஏதோ விதைகளைக் குடுவையில் போட்டுக் குலுக்குகிற சத்தம். அப்புறம் ஒரு கிட்டார். ஒரே சின்ன வளையலைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிப் பார்க்கிற மாதிரி அதையே திருப்பித் திருப்பி வாசிக்கிறார்கள். டிரம் உள்ளே வருகிறது. யாருக்கும் அவசரமே இல்லை. நம் பேண்டு எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி வாசிக்கும் அல்லவா? இவர்கள் பஸ் போனால் போகட்டும் என்று நடக்கிறார்கள்.

ஆனால் பாட்டு வரவில்லை. காத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதிலும் ஆரம்பத்தில் ஆளையே காணோம். எட்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது. நீ பழகுவதற்காகப் பாடுகிறவரின் குரலை எடுத்துவிட்டு வெறும் டிராக்காக வாங்கியிருக்கிறாய். அந்த இடத்தில் டிரம்பெட் ஊத வேண்டும். சரிதானே?

அதனால் ஊதினேன்.

நீ திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் முடிந்து வந்ததும் எல்லா வாத்தியத்தையும் கழுவுவது நான்தான். கழுவினபின் தண்ணீர் போய்விட்டதா என்று ஊதிப் பார்ப்பேன். அப்படியே ஒவ்வொரு சுரமாகப் பார்த்து வைத்திருந்தேன். நீ ஊதுகிற பாட்டெல்லாம் எனக்கு விரலில் தெரியும். அப்பாவின் பழைய மவுத்பீஸ் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. டிரம்பெட்டின் புனல் முனைக்குள் துண்டை அடைத்துக்கொண்டு ஊதுகிறேன். முதல் பாட்டு நாலாவது நிமிடத்தில் கீறலில் தட்டிக்கொண்டு நிற்கும். உடனே முதலிலிருந்து. அந்த நாலு நிமிடத்துக்கு ஒரு மெட்டு போட்டு வைத்திருக்கிறேன். எங்கேயும் கேட்ட மெட்டு இல்லை.

இப்போது முக்கியமானது. நத்தம் ரோட்டு பேண்டு செட்காரர் வந்து எல்லா வாத்தியத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "ஊதுறவன் இல்லாத பேண்டு எதுக்கு, வித்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இருப்போம்" என்றார் அப்பா. மே நாலாம் தேதி கன்னிவாடிப் பக்கம் ஒரு ஊரில் சப்பரத் திருவிழா இருக்கிறது. முன்னமே ஒத்துக்கொண்டது. அதுதான் கடைசியாம். அது முடிந்ததும் வாத்தியமெல்லாம் போய்விடும். ஜூனில் நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு, ஹாஸ்டலோடு. அம்மா பெட்ஷீட் கூட வாங்கிவிட்டாள்.

எனக்கு மில்லுக்குப் போக வேண்டாம். இந்த ரூம் வேண்டும். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நீ அந்த ஒரு நாள் வந்து ஊதினால் அவர் விற்க மாட்டார். வருவாயா?

செல்வி


28.3.2025

செல்வி,

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அது யாரும் குரலை எடுத்த டிராக் இல்லை. முழுப் பாட்டு. பாடுகிறவர் வருவதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். அதுவரை வேண்டுமென்றேதான் காத்திருக்கிறார். நீ நாலாவது நிமிடத்தில் திரும்பிவிடுகிறாய், எப்படித் தெரியும்? ஆளில்லாத வீடு என்று உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்திருக்கிறாய். வீட்டுக்காரர் உள்ரூமில் உட்கார்ந்து சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நீ ஊதுகிறாயா? நீயா? பாத்திரக் கடைக்காரன் மீதிச் சில்லறை தராவிட்டால் கேட்கத் தெரியாமல் திரும்பி வந்து என்னை அனுப்புகிறவள். ஒன்பதாவதில் டீச்சர் எழுந்து வாசி என்றதற்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பெல் அடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே வேண்டாம் என்றவள். துண்டை அடைத்துக்கொண்டு ரூமுக்குள் ஊதுவது வேறு. தெருவில் குடித்துவிட்டு ஆடுகிறவன் மூஞ்சிக்கு நேராக ஊதுவது வேறு. ஒருத்தன் விசில் அடித்தால் டிரம்பெட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாய். விளையாட்டுக்குக் கூட அப்பா காதில் இது விழ வேண்டாம்.

நான் வருவதைப் பற்றி. என்னைத் தெருவில் அடித்தது அவர். கூப்பிட வேண்டியதும் அவர்தான். அவர் வாயால் கூப்பிடட்டும், வருகிறேன். தங்கையைக் கொண்டு கடிதம் எழுத வைத்தால் வர மாட்டேன். நீயாக எழுதினாய் என்று சொல்லாதே.

மில் அவ்வளவு மோசமாக இருக்காது.

சின்னப்பராஜ்


திண்டுக்கல்
20.4.2025, ஈஸ்டர்

அண்ணனுக்கு,

மூன்று வாரம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். நீ எழுதிய கடைசி வரியைத்தான் அதிகமுறை படித்தேன். மில் எப்படி இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது?

நானாகத்தான் எழுதினேன். நம்பாவிட்டால் போ.

நீ சொன்னது உண்மையா என்று பார்க்க மெஹராஜ் அக்காவிடம் சி.டி.யைக் காட்டினேன். அவள் உடனே வாஜித் மச்சானுக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். நான் தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத் துணிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன், அவர் என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று. "எங்க அந்தப் புள்ள?" "மேசைக்குக் கீழ இருக்கு." "அங்க எதுக்கு?" "அதுக்கு அங்கதான் பேச வரும்." அப்புறம் அவர் முதல் பாட்டை முழுசாக அனுப்பினார். அங்கேயே உட்கார்ந்து கேட்டேன்.

என் நாலு நிமிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கூட்டமாக ஒருதடவை வந்து பேசிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. கிட்டார் மட்டும் போகிறது. அப்புறம்தான் அந்த ஆள் வாயைத் திறக்கிறார். பாடவில்லை. ரேஷன் கடை வாசலில் நின்று சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. அவர் ஒன்று சொன்னால் பெண்கள் ஒரு கூட்டமாகப் பதில் சொல்கிறார்கள். என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டாள். "கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, கேட்டா போலீஸ் அடிக்கிறான், அதைத்தான்" என்றார் மச்சான். "இதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போனீங்க?" என்றாள் அக்கா.

ஊதுகிறவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேரம் டிரம்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறார்களே. நம் பேண்டில் ஒருவர் சும்மா நின்றால் அப்பா முறைப்பார். அவர்கள் நிற்பதும் வாசிப்புதான் போல. எனக்கு நிற்கத் தெரியும். வகுப்பில் ஒரு பீரியடு நின்றதை நீயே எழுதியிருக்கிறாய்.

என் மெட்டை மாற்றினேன். முதலில் ஊதுவதில்லை. காத்திருந்து, அவர்கள் விடுகிற இடத்தில் மட்டும்.

போன புதன்கிழமை துண்டை அடைக்காமல் ஊதினேன். பாட்டுக்கு நடுவில் கதவு தட்டியது. அப்பா. டிரம்பெட்டைப் பெரிய டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திறந்தேன். சி.டி. ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு ஊதுனா?"

"சி.டி.ப்பா."

அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். எந்த சி.டி. என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "ஊதுறவனுக்கு மூச்சு நல்லாருக்கு. நாக்குதான் சோம்பேறி. ஒவ்வொரு சுரத்துக்கும் நாக்கு அடிக்கணும், இவன் வழுக்கிட்டுப் போறான்" என்றார். அப்புறம், "இதைத்தான அவன் அன்னைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் போய்விட்டார்.

வழுக்கிக்கொண்டு போனது நான்தான்.

மே நாலு. திருப்பி ஒருமுறை எழுதிவிட்டேன். இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

சகாயசெல்வி


25.4.2025

செல்விக்கு,

"மூச்சு நல்லாருக்கு" என்று அவர் என்னைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எட்டு வருடம் ஊதியிருக்கிறேன். பொறாமையாகத்தான் இருக்கிறது, போ.

மில்லைப் பற்றி நான் எழுதியது தப்பு. என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிய வரி அது.

இத்தோடு ஒரு பார்சல் வரும். மவுத்பீஸ். இங்கே அரசாங்கமே ஒன்று கொடுத்திருக்கிறது, இது பையில் சும்மாதான் கிடக்கிறது. உன் உதட்டுக்குக் கொஞ்சம் அகலமாக இருக்கும். ஓரத்தை இறுக்காதே. நாக்கு விஷயத்தில் அப்பா சொன்னது சரி. "தூ, தூ" என்று துப்புகிற மாதிரி பழகு, வீட்டில் யாரும் இல்லாதபோது.

நான் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மே நாலாம் தேதி சப்பரத்துக்கு வருகிறேன், சனிக்கிழமை ராத்திரி கிளம்பினால் ஞாயிறு மத்தியானத்துக்குள் கன்னிவாடி வந்துவிடலாம் என்று மட்டும் எழுதினேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கொடுத்துவிடுவார்கள்.

சின்னப்பராஜ்


திண்டுக்கல்
28.4.2025

அண்ணே,

உன் கடிதம் அப்பாவுக்கு வந்தது. வாசலிலேயே நின்று படித்தார். மடித்து, போன் இருக்கிற பையிலேயே போட்டுக்கொண்டார். அம்மா கேட்டதற்கு, "வாரானாம்" என்றார், வட்டிக்காரன் வருகிற மாதிரி. ஆனால் சாயங்காலமே உன் யூனிஃபார்மை எடுத்துப் போய் மெஹராஜ் அக்காவிடம் கொடுத்து, "பட்டனைப் பாரும்மா, ரெண்டு தளந்துருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

வத்தலக்குண்டிலிருந்து ஊதுவதற்கு ஒருவரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருவிழாக் கமிட்டிக்காரர் போன் செய்தபோது, "எம் மகன் வாரான், மிலிட்டரி பேண்டு" என்று இரண்டு முறை சொன்னார். நத்தம் ரோட்டுக்காரர் திங்கட்கிழமை வேன் கொண்டுவருவதாகச் சொன்னதற்கு மட்டும் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை முடியட்டும்" என்றார்.

நீ லீவு "கொடுத்துவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவிட்டார்கள் என்று எழுது.

பார்சல் வந்தது. அகலம்தான். பழகிவிடும்.

செல்வி


30.4.2025

செல்வி,

லீவு இல்லை. ஐந்தாம் தேதி பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார், பேண்டில் யாருக்கும் லீவு கிடையாது. கேட்டுப் பார்த்தேன். மறுபடி கேட்டதற்குத் தண்டனை கிடைத்தது. கோபத்தில் எழுதவில்லை, இது வீம்பும் இல்லை. நம்பு.

போன் ஞாயிறு மாலைதான் தருவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இது சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டு ஆளை மறுபடி கூப்பிட நேரம் இருக்கும்.

சொல்லிவிடு செல்வி. தயவுசெய்து நின்றுகொண்டே இருந்துவிடாதே.

சின்னப்பராஜ்


திண்டுக்கல்
5.5.2025

அண்ணே,

உதடு தடித்துப்போய் இருக்கிறது. வெந்நீர் கூடக் குடிக்க முடியவில்லை. அதனால் நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை மெஹராஜ் அக்கா சனிக்கிழமை மத்தியானம் கொடுத்தாள், இஸ்திரி போட்ட யூனிஃபார்முக்கு நடுவில் வைத்து. படித்ததும் மாடி ஏறினேன். அப்பா டிரம்முக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். "என்னடி?" என்றார். "டீ வேணுமாப்பா?" என்றேன். போட்டுக் கொடுத்தேன். மறுபடி போய் நின்றேன். மறுபடி டீ. மூன்றாவது டீயை வாங்கும்போது, "இன்னைக்கு என்ன, அம்புட்டு அக்கறை?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை. நீ எழுதியது போலவே நின்றுகொண்டே இருந்துவிட்டேன்.

ஞாயிறு எல்லாரும் வேனில் போனோம். நான் யூனிஃபார்ம்களைப் பார்த்துக்கொள்ள எப்போதும் போவதுதான். உன் டிரம்பெட் பெட்டி என் மடியில். கன்னிவாடி தாண்டி, மலைக்கு அடியில் அந்த ஊர். சப்பரத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒவ்வொரு பஸ் வரும்போதும் அப்பா ரோட்டுக்குப் போய் நின்றார். ஒரு பஸ்ஸிலிருந்து பச்சைப் பையோடு, முடி ஒட்ட வெட்டின ஒருவர் இறங்கினார். அப்பா வேகமாக நடந்தார். கிட்டப் போனதும் பீடி வாங்க வந்தவர் போலப் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா பீடி குடிப்பதில்லை.

கமிட்டிக்காரர் வந்து, "என்னப்பா, மிலிட்டரி எங்க? சப்பரம் கெளம்பணும்" என்றார். "வந்துக்கிட்டு இருக்கான்" என்றார் அப்பா. "ஊதுற ஆள் இல்லாம பேண்டா? பொண்ணு இல்லாம தாலி கட்டுன கணக்கா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். முருகேசன் மாமா சாக்ஸபோனை எடுத்து மாதா பாட்டை ஆரம்பித்துவிட்டார். சப்பரம் கிளம்பியது. சப்பரத்தின் மேல் நேர்ச்சை உப்பும் மிளகும் வந்து விழுந்தன.

இரண்டாவது தெருவில் அப்பாவின் பக்கத்தில் போனேன். அவர் பெரிய டிரம்மை அடித்துக்கொண்டு நடந்தார். நான் சொன்னது கேட்கவில்லை. "என்ன?" என்றார். கத்தினேன். "அண்ணன் வரமாட்டான்ப்பா! லீவு குடுக்கல!" அவர் கை நிற்கவில்லை. "யாரு சொன்னா?" "லெட்டர் வந்துச்சு. நேத்தே வந்துச்சு." கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டே நடந்தார். என்னைப் பார்க்காமல், "அதான் டீயா போட்டுக் குடுத்தியா?" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாவது தெரு முக்கில் கரண்ட் கம்பி தாழ்வாக இருந்தது. சப்பரத்தின் உச்சிச் சிலுவை போகாது. மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்த வேண்டும், அவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்றார்கள். சப்பரம் அப்படியே நின்றது. அது தெருவில் நிற்கிற வரைக்கும் அந்த ஊரில் மேளம் நிற்கக்கூடாது. நின்றால் மாதாவைப் பாதி வழியில் இறக்கிவிட்டது போல. முருகேசன் மாமா தெரிந்த பாட்டெல்லாம் ஊதிவிட்டு, மூச்சு வாங்கி, ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் ஈஸ்வரன் அண்ணனும் வெறும் அடியை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து விசில் வந்தது. "போர் அடிக்குது, ஸ்பீக்கர்ல பாட்டைப் போடுங்கப்பா!" கமிட்டிக்காரர் ஒருவரை ஸ்பீக்கர் ஆட்டோவைக் கொண்டுவர அனுப்பினார். அப்பாவிடம், "நீங்க வேன்ல ஏறிக்கிருங்க, போதும்" என்றார். "செத்த பொறுங்க" என்றார் அப்பா. எதற்குப் பொறுக்கச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வாத்தியங்களை விற்பது அப்போது, அந்த இடத்தில்தான் முடிவாகிக்கொண்டிருந்தது.

வேனுக்குப் போய் டிரம்பெட் பெட்டியைத் திறந்து, நீ அனுப்பிய மவுத்பீஸை மாட்டினேன். அம்மா, "என்ன பண்ற நீ?" என்றாள். உன் யூனிஃபார்ம் சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டேன். தோள் தொங்கியது. அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், இல்லையென்றால் சரி என்பார். இரண்டையும் என்னால் தாங்க முடிந்திருக்காது.

ஈஸ்வரன் அண்ணனின் கை ஓய்ந்துபோயிருந்தது. கல்யாண வேகமெல்லாம் போய், அந்த சி.டி.யின் நடைக்குப் பக்கத்தில் தானாக வந்து சேர்ந்திருந்தது. எனக்கு முன்னால் ஐந்நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் விசில் அடித்தவன் விரல் இன்னும் வாயில்தான் இருந்தது. நான் நடந்து போய், டிரம்முக்கு இந்தப் பக்கம், சப்பரத்துக்கு நேராக நின்றேன்.

"இன்னும் செத்த மெதுவா அடிங்கண்ணே" என்றேன். "நான் வாரேன்."